வயலின் வில்லும் பிரேசில் மரமும்

வயலின் வாசிக்கும் கலைஞரின் வலக்கையிலுள்ள வில்லை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. நமது கண் வாத்தியத்தின் மீதும், அதன் தந்திகளில் ஓடியாடும் இடக்கை விரல்களின் மீதுமே நிற்கிறது. முக்கால் மீற்றர் நீளமும் 60 கிராம் எடையுங் கொண்ட ஒரு மெல்லிய கோல்; அதன் இரு முனைகளையும் இணைத்து நிற்கும் குதிரைவால் மயிர்; பார்வைக்கு வில் என்பது இவ்வளவே. ஆயினும் இச்சிறு கோலின் பொருட்டு 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பனாமா நகரிலே உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடி வாதிட நேர்ந்தது.

உயர்ந்த ரக விற்களுட் பெரும்பாலானவை பெர்னம்புக்கோ எனப்படும் ஒரே மரத்தினாற் செய்யப்படுவன. அம்மரம் பிரேசில் நாட்டின் கரையோரக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இதனைச் சேர்க்க வேண்டுமெனப் பிரேசில் கோரியது. சேர்க்கப்பட்டால், வாணிப நோக்குடன் அம்மரத்தையோ அதனாலான பொருளையோ நாடுவிட்டு நாடு கொண்டு செல்வது இயலாததாகும். வாத்தியக் குழுவினரும் வில் செய்யும் கம்மியரும் அஞ்சினர். தமது கலையே முடங்கிவிடும் என்றனர். பிரேசில் அதிகாரிகளோ, காடே முடங்கிவிட்டது என்றனர்.

இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆனால் இரு கூற்றுகளும் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே பேசுகின்றன. முந்திய பக்கங்களைப் படியாமல் சட்டத்தை வாழ்த்துவதும் வைவதும் பயனற்றவை. மரத்தைக் காக்கும் சட்டம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அது தோன்றி நானூறு ஆண்டுகளாயின. அது யாருக்காகத் தோன்றியது, எவரைத் தண்டித்தது, எவரைத் தண்டியாது விட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரம் பெயரிட்ட நாடு

ஐரோப்பியர் அமெரிக்காவை அறியுமுன்னரே 'பிரசில்' என்னுஞ் சொல் அவர்களது சந்தைகளில் வழங்கியது. கீழைத் தேசங்களிலிருந்து அரபு வணிகர் கைமாறி வந்த சிவப்புச் சாயக்கட்டையின் பெயர் அது. நாம் பதங்கம் என்றும் சப்பங்கம் என்றும் குறிப்பிடுகின்ற, கேரளத்தார் பதிமுகம் என்று குடிநீரில் இட்டுக் காய்ச்சுகின்ற அதே மரந்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, உலகிலேயே தலைசிறந்த பிரசில் மரம் இலங்கையில் உண்டு என்று தமது பயண நூலிற் குறித்துள்ளார். தென்னமெரிக்க நாடொன்றின் பெயருக்குப் பின்னால், நமது கரைகளிலிருந்து சென்ற ஒரு வாணிபப் பொருளின் நினைவு மறைந்து கிடக்கிறது என்பதை மாணவர் பலர் அறியார்.

1500ஆம் ஆண்டில் கப்ரால் என்பானின் தலைமையில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல்கள் தென்னமெரிக்கக் கரையை அடைந்தன. பொன்னும் இல்லை, மிளகும் இல்லை. ஆனால் கரையோரக் காட்டில் முட்கள் நிறைந்த ஒரு மரம் நின்றது. அதன் நடுவைரம் தணல் போற் சிவந்திருந்தது. கீழைத் தேசத்துப் பிரசிலின் உடன்பிறப்பு எனத்தக்க அதற்கு ஐரோப்பியர் பழைய பெயரையே சூட்டினர். அந்நிலத்தின் மக்களான தூப்பி இனத்தவரோ 'செம்மரம்' என்று பொருள்படும் 'இபிராபித்தங்கா' என்னும் பெயரால் அதனை ஏற்கெனவே அறிந்திருந்தனர்.

போர்த்துக்கேயர் அந்நிலத்துக்கு முதலில் இட்ட பெயர் திருச்சிலுவை நாடு என்பதாகும். வணிகர் வாயில் அப்பெயர் நிலைக்கவில்லை. சாயக்கட்டை கிடைக்கும் இடம் என்ற அளவில் பிரேசில் என்றே அழைத்தனர். சிலுவை மரத்தின் பெயரைத் துணிக்குச் சாயமிடும் மரத்தின் பெயர் விழுங்கிவிட்டது பிசாசின் வேலை என்று 16ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான ஜுவாவ் டி பாரோஸ் மனம் நொந்து எழுதினார். பிசாசின் வேலையோ இலாபத்தின் வேலையோ, ஒரு நாடு அதிலிருந்து பெயர்த்துச் செல்லப்பட்ட சரக்கின் பெயரால் நிலைபெற்றது.

1502இல் பெர்னாவோ டி லொரோன்யா என்ற வணிகரின் கூட்டுக்கு இம்மர வாணிபத்தை அரசன் குத்தகைக்கு விட்டான். 1511இல் சென்ற பிரெத்தோவா என்னும் கப்பலின் கணக்கேடு இன்றும் உள்ளது. ஏறத்தாழ 5,000 மரத்துண்டுகளும், அவற்றோடு கிளிகளும், அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட 30க்கு மேற்பட்ட மக்களும் அதில் ஏற்றப்பட்டதாக அவ்வேடு காட்டுகிறது. மரமும் பறவையும் மனிதனும் ஒரே ஏட்டில் சரக்காக எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது, அக்கால வாணிபத்தின் இயல்பை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

மரத்தை வெட்டியவர் யார்? கிளை கழித்து, பட்டை சீவி, துண்டாடி, தோளிற் சுமந்து கரைக்குக் கொணர்ந்தவர் தூப்பி மக்களே. கைம்மாறாகக் கோடரியும் கத்தியும் கண்ணாடியும் துணியும் பெற்றனர். இரும்புக் கோடரி கைக்கு வந்ததும் வெட்டும் வேகம் பன்மடங்காயிற்று. பிரான்சு தேசத்து நோர்மண்டி வணிகரும் இவ்வாணிபத்திற் போட்டியிட்டனர். ரூவான் நகரத்து வீடொன்றை அலங்கரித்த 16ஆம் நூற்றாண்டு மரச்சிற்பப் பலகைகளில், தூப்பி மக்கள் மரம் வெட்டிச் சுமந்து கப்பலேற்றுங் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. சுமந்தவர் பெயர் அதில் இல்லை. செல்வந்தரின் சுவருக்கு அவர்கள் அழகானார்கள்.

1557இல் அங்கு வாழ்ந்த ழான் டி லெரி என்னும் பிரெஞ்சுக்காரர், பின்னர் 1578இல் வெளியிட்ட நூலில் ஒரு முதிய தூப்பினம்பாவுடன் நிகழ்ந்த உரையாடலைப் பதிந்துள்ளார். விறகு தேடியா இவ்வளவு தொலைவு வருகிறீர்கள், உங்கள் நாட்டில் மரமில்லையா என்று முதியவர் கேட்கிறார். எரிப்பதற்கல்ல, சாயமிடுவதற்கு என்கிறார் லெரி. அதற்கு இவ்வளவு மரம் ஏன் என்கிறார் முதியவர். வந்திறங்கும் மரம் முழுவதையும் தனியொருவனாக வாங்கக்கூடிய செல்வர் எமது நாட்டில் உண்டு என்று விடை வருகிறது. அச்செல்வன் சாவதில்லையா என்பது முதியவரின் அடுத்த கேள்வி. சாவான், அவன் பொருள் பிள்ளைகளுக்குச் சேரும் என்கிறார் லெரி. அப்படியாயின், உங்களை வளர்த்த நிலம் உங்கள் பிள்ளைகளையும் வளர்க்கும் என்று நம்பாமல் கடல் கடந்து அல்லலுறும் நீங்கள் பெரும் பேதைகள் என்று முடிக்கிறார் முதியவர். பொருளியல் நூல் எதையும் படியாத அம்முதியவர், மூலதனத்தின் ஓயாத பசியை ஒரு நாழிகைப் பேச்சிற் கண்டுகொண்டார்.

அரசனின் மரம்

நூறாண்டு வெட்டிய பின், கரைக்கு அண்மையில் மரம் அருகியது. அப்போது முதற் சட்டம் வந்தது. ஸ்பெயினையும் போர்த்துக்கல்லையும் ஒருசேர ஆண்ட மன்னன், 1605ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆந் திகதி பிரேசில் மரம் பற்றிய கட்டளையைப் பிறப்பித்தான். அனுமதியின்றி எவரும் மரத்தை வெட்டலாகாது. ஆண்டுக்கு 10,000 குவிண்டாலுக்கு மேல் வெட்டலாகாது. அனுமதித்த அளவை 50 குவிண்டால் மீறியவனுக்குக் கசையடியும் அங்கோலாவுக்கு நாடு கடத்தலும். 100 குவிண்டால் மீறியவனுக்கு மரண தண்டனை. மரத்தைக் காப்பதற்கு மனிதனின் உயிரை விலையாக வைத்த சட்டம் அது.

காட்டைக் காக்கும் சட்டங்களுக்கு இதுவே பிரேசிலில் முன்னோடி என்று சில நூல்கள் இதனைப் போற்றுகின்றன. அடிமரம் மீண்டுந் துளிர்க்குமாறு வெட்ட வேண்டும் என்பது போன்ற அறிவார்ந்த விதிகளும் அதில் இருந்தன என்பது மெய்யே. எனினும் அதன் நோக்கம் காடன்று, கருவூலம். மரம் அருகினால் அரசனின் வருவாய் அருகும். விலை விழாதிருக்க வேண்டுமாயின் சந்தைக்கு வரும் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். அரசின் தனியுரிமை 1859 வரை நீடித்தது. அதுவரை அம்மரம் சட்டப்படி அரசனுடையது. அதன் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அதனைத் தொட்டால் கள்வராயினர்.

மரம் ஐரோப்பாவில் இறங்கிய இடத்திலும் இதே நீதிதான். ஒல்லாந்தர் பெர்னம்புக்கோவை 1630 முதல் 1654 வரை பிடித்து ஆண்டனர். சில ஆண்டுகள் கழித்து, 1658இல், அவர்களே யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். அவர்களது ஆம்ஸ்டர்டாம் நகரில் 1596இல் ஒரு சிறைச்சாலை நிறுவப்பட்டிருந்தது. 'அராவும் வீடு' என்பது அதற்கு வழங்கிய பெயர். பிச்சையெடுத்தோரும் சிறு களவு செய்தோரும் அங்கு அடைக்கப்பட்டு, இருப்பினும் வலிய அக்கட்டையைப் பல்லலகு வாளால் நாள் முழுதும் அராவித் தூளாக்கினர். அத்தூள் சாயக்காரருக்கு விற்கப்பட்டது. காட்டில் பழங்குடி மக்களின் தோளும், நகரத்தில் ஏழைக் கைதிகளின் கையும் சேர்ந்தே செல்வரின் செந்துணியைச் சிவப்பித்தன.

சாயக்கட்டை இசைக்கோலான வரலாறு

இம்மரம் இசைக்கு வந்தது சாயத்தின் வழியாகவே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய இசை பிரபுக்களின் மாளிகை அறையைவிட்டு, கட்டணம் செலுத்தி நகர மக்கள் கூடும் மண்டபங்களுக்கு வந்தது. அறைக்குப் போதிய நாதம் மண்டபத்துக்குப் போதவில்லை. நீண்டு ஒலிக்கும் பாட்டுப் போன்ற நாதமும், மெலிந்தும் வலுத்தும் மாறக்கூடிய அழுத்தமும் வேண்டியிருந்தன. பழைய வில் இதற்கு இணங்கவில்லை.

பாரிஸ் நகரில் கடிகாரத் தொழில் பழகிய பிரான்சுவா சேவியர் தூர்த் என்னுங் கம்மியர் இத்தேவையை நிறைவேற்றினார். 1780களில் பாரிசுக்கு வந்து புகழ்பெற்றிருந்த இத்தாலிய வயலின் மேதை வியோத்தியின் ஆலோசனை அவருக்கு உதவியதாகக் கூறுவர். கோலை நெருப்பில் வாட்டி மயிரின் பக்கமாக வளைத்தார். நீளத்தையும் எடைச் சமநிலையையும் வரையறுத்தார். மயிர் பட்டையாகப் பரந்து நிற்க வழி செய்தார். அவர் வகுத்த அமைப்பே பெரிய மாற்றமின்றி இன்றும் வழங்குகிறது. பல மரங்களைச் சோதித்த அவர் இறுதியில் சாயத்துக்கென வந்திறங்கிய பெர்னம்புக்கோக் கட்டையைத் தெரிந்தெடுத்தார். அது கனமானது, விறைப்பானது, அதே வேளை வளைந்து மீளும் தன்மையுடையது. நெருப்பிற் கொடுத்த வளைவைப் பல்லாண்டு விடாது காப்பது. அதிர்வை உறிஞ்சாமல் ஓடவிடுவது. 1856இல் அவரைப்பற்றி எழுதிய ஃபெத்திஸ் என்னும் இசையறிஞர், தூர்த் எழுதப் படிக்க அறியாதவர் என்று குறிக்கிறார். எழுத்தறியாத அத்தொழிலாளியின் கையறிவே இரண்டு நூற்றாண்டு ஐரோப்பிய இசையின் நாதத்தை உருவாக்கியது. இன்று அவர் செய்த வில் ஒன்று ஒரு வீட்டின் விலைக்கு மேல் ஏலம் போகிறது.

வில்லின் பிற உறுப்புகளையும் பார்த்தல் நன்று. பிடியின் கீழுள்ள அடிக்கட்டை கருங்காலி. இலங்கையின் காடுகளிலிருந்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஏற்றிச் சென்ற மரங்களுள் அதுவும் ஒன்று. செல்வருக்கான வில்லில் கருங்காலிக்குப் பதிலாக ஆமையோடு. நுனியைக் காக்கும் தகடு யானைத் தந்தம். பிடியைச் சுற்றிய பட்டை திமிங்கிலத்தின் வாயெலும்பு. ஒரு சாண் அகல வரைபடத்திற் காட்டக்கூடிய ஏகாதிபத்தியம் முழுவதும் இந்த 60 கிராம் பொருளில் அடங்கியிருந்தது. கலைஞரோ கம்மியரோ இதற்காக வெட்கப்பட வேண்டுமென்பதில்லை. தம் காலத்துச் சந்தையிற் கிடைத்த சிறந்த பொருளை அவர்கள் எடுத்தாண்டனர். ஆனால் கலை தனக்கு வேண்டிய பொருளை எந்தக் கைகள் வழியாகப் பெறுகிறது என்பதைக் கலை வரலாறு சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

காடு போன வழி

1856இல் இலண்டனில் பேர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் இயற்கைச் சாயங்களின் சந்தை சரிந்தது. சாயத்துக்காக மரம் வெட்டுதல் நின்றது. வில் செய்வோரே அதன் முக்கிய வாடிக்கையாளராக எஞ்சினர். சாய வாணிபம் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனதை நினைத்தால், வில்லுக்கு வேண்டிய மரம் மிகச் சிறிது.

அப்படியாயின் மரம் பிழைத்திருக்க வேண்டுமே? பிழைக்கவில்லை. மரத்தை வெட்டுவது நின்ற பின்னர் காடு வெட்டப்பட்டது. 16ஆம் நூற்றாண்டிலேயே வடகிழக்குக் கரையில் கரும்புத் தோட்டங்கள் தொடங்கிவிட்டன. ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த அடிமைகளின் உழைப்பில் அவை காட்டை விழுங்கின. 19ஆம் நூற்றாண்டில் கோப்பி வந்தது. 20ஆம் நூற்றாண்டில் மாட்டுப் பண்ணைகளும், கடதாசித் தொழிலுக்கான யூக்கலிப்ரஸ் தோட்டங்களும், பெருகிய நகரங்களும் எஞ்சியதைப் பங்கிட்டன. அத்திலாந்திக்குக் கரைக்காடு என வழங்கும் அப்பெருங்காட்டில் இன்று எட்டில் ஒரு பங்களவே எஞ்சியுள்ளது. பெர்னம்புக்கோ மரம் அந்தத் துண்டுத் துணுக்குகளுக்குள் ஒதுங்கி நிற்கிறது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு மரத்தை அனுமதியின்றி வெட்டியவனுக்கு மரண தண்டனை விதித்த அரசு, ஒரு மலைச்சாரலையே எரித்துக் கரும்பு நட்டவனுக்கு நிலமானியம் வழங்கியது. மரத்தைச் சட்டம் பார்த்தது, காட்டைப் பார்க்கவில்லை. மரம் அரசனின் உடைமை. காடோ நிலவுடைமையாளனுக்குத் தடை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், இன்றைய சட்டத்தின் வலிமையும் குறையும் நமக்குப் புலனாகும்.

சட்டம் தொடும் கை

1978இல் பிரேசில் அம்மரத்தைத் தேசிய மரமாகப் பிரகடனஞ் செய்தது. 1992இல் அழிவை எதிர்நோக்கும் தாவரங்களின் அரச பட்டியலில் அது சேர்ந்தது. நாடளாவிய பாதுகாப்பு மட்டும் போதவில்லை. வாங்குவோர் வேறு நாடுகளில் இருந்தனர். ஆகவே சர்வதேச உடன்படிக்கையை நாட வேண்டியதாயிற்று. சைற்றிஸ் எனச் சுருக்கி வழங்கப்படும் அவ்வுடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கைச்சாத்திடப்பட்டு 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. 2007இல் பெர்னம்புக்கோ அதன் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றது. கட்டை, பலகை, வில்லுக்கென வெட்டிய முடிவுறாத கோல் ஆகியவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; செய்து முடித்த வில்லுக்கு வேண்டியதில்லை என்பது அப்போதைய விதி.

அவ்விலக்கே ஓட்டையாயிற்று. களவாக வெட்டிய மரத்தைப் பிரேசிலிலேயே வில்லாக்கிவிட்டால் தடையின்றிக் கப்பலேற்றலாம். எஸ்பிரித்து சாந்து மாநிலம் வில் செய்யும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 2018இலும் 2021இலும் பிரேசில் அரச அதிகாரிகள் நடத்திய சோதனைகளில், பாதுகாக்கப்பட்ட வனங்களிலிருந்து களவாக வெட்டிய மரம் இத்தொழிலுக்குட் புகுந்திருப்பது வெளிப்பட்டது. 2021ஆம் ஆண்டுச் சோதனைக்கு அதிகாரிகள் இட்ட பெயர் 'இபிராபித்தங்கா'. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் அகற்றிய தூப்பிப் பெயர் ஒரு காவற்படை நடவடிக்கையின் தலைப்பாக மீண்டது.

இப்பின்னணியிலேயே 2022ஆம் ஆண்டுப் பனாமா வழக்கு எழுந்தது. முடிவு ஒரு சமரசம். மரம் இரண்டாம் பட்டியலிலேயே நின்றது. ஆனால் பிரேசிலிலிருந்து முதன்முறை வெளியேறும் முடிவுற்ற வில்லுக்கும் இனி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏற்கெனவே வெளிநாடுகளிலுள்ள முடிவுற்ற வில் மறு ஏற்றுமதியாகும்போது விலக்கு உண்டு. பிரேசில் ஓயவில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் சமர்க்கந்தில் கூடிய மாநாட்டிலும் முதலாம் பட்டியலுக்கான கோரிக்கையை முன்வைத்தது.

இசைக் கலைஞரின் அச்சம் வீணானதன்று. இதற்குத் தந்தம் பற்றிய சட்டம் சான்று தருகிறது. 2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தந்தம் பற்றிய விதிகளைத் திடீரென இறுக்கிற்று. அவ்வாண்டு கச்சேரிக்காக நியூயோர்க்கில் இறங்கிய புடாபெஸ்ட் விழா வாத்தியக் குழுவினரிடமிருந்து ஏழு விற்களைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். நுனியிலுள்ள விரல் நக அளவான தகடு தந்தமெனச் சந்தேகிக்கப்பட்டதே காரணம். கலைஞர்கள் இரவல் வில்லுடன் மேடையேற நேர்ந்தது. ஒரு வயலின் கலைஞருக்கு வில் மாறுவது எழுதுவோனுக்குப் பேனா மாறுவது போன்றதன்று. அது கையின் தொடர்ச்சி; பல்லாண்டுப் பழக்கத்தில் அழுத்தமும் எடையும் தசையிற் பதிந்திருப்பது.

2013 முதல் வாத்தியத்துக்கெனத் தனிச் சான்றிதழ் பெறும் வழி உடன்படிக்கையில் உண்டு. மூன்றாண்டு செல்லுபடியாகும் அது ஒரு கடவுச்சீட்டைப் போன்றது. ஆனால் அதனைப் பெறுவதற்கு மரம் எப்போது வெட்டப்பட்டது, தந்தம் எவ்வாண்டுக்குரியது என்று காட்டவேண்டும். ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறி வந்த வில்லுக்குப் பற்றுச்சீட்டு எங்கே தேடுவது? பெரிய வாத்தியக் குழுவுக்கு இதைக் கவனிக்க எழுதுவினைஞரும் வழக்கறிஞரும் உண்டு. திருமண வீட்டிலும் சிறு மண்டபத்திலும் வாசித்துப் பிழைக்கும் தனிக் கலைஞருக்கு எவருமில்லை. ஒரே சட்டம் இருவர் மீதும் ஒரே பாரமாக இறங்குவதில்லை.

இதே வேறுபாடு பிரேசிலிலும் உண்டு. பட்டறையிற் கூலிக்கு வில் சீவும் தொழிலாளியும், களவு மரத்தைப் பதுக்கி வைத்து வெளிநாட்டுக்கு விற்கும் வணிகனும் ஒரே தொழிலின் இரு முனைகளில் நிற்கின்றனர். பட்டறை மூடப்பட்டால் முதலில் பசிப்பவன் யார் என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

நாம் எங்கு நிற்பது?

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. பாலுஸ்வாமி தீட்சிதர் காலந்தொட்டு வயலின் நமது இசையின் உறுப்பாகிவிட்டது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலினையே பரிசளித்தார் என்பது இசை வரலாறு அறிந்த செய்தி. இன்று அத்தகைய பரிசு எவரும் அளிக்கவியலாது, அளிக்க வேண்டியதுமில்லை. கஞ்சிராவை எடுத்துக்கொள்வோம். அதன் நாதம் உடும்புத் தோலில் பிறந்தது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உடும்பைக் காத்தது. சர்வதேச உடன்படிக்கையும் அதனை முதலாம் பட்டியலில் வைத்தது. இலங்கையிலும் அது காக்கப்பட்ட உயிரினமே. கஞ்சிராக் கலைஞர் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறவேண்டியவராயினர். பழைய குழைவு அதில் வருவதில்லை என்று அவர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் உடும்பை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது கஞ்சிராவன்று. கைப்பைக்கும் சப்பாத்துக்குமாக இலட்சக்கணக்கிற் தோல்களைக் கப்பலேற்றிய ஏற்றுமதி வாணிபமே. அதனைப் பிடித்துக் கொடுத்த ஏழை இருளர் தொழிலிழந்தனர். அணிந்து மகிழ்ந்த சீமாட்டிகள் வேறு நாகரிகத்துக்கு மாறினர்.

இவற்றைக் கொண்டு, சட்டமே வேண்டாம், கலைக்கு விலக்கு அளியுங்கள் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை நாம் ஏற்றல் ஆகாது. கலை காட்டினும் பெரிது என்று சொல்லும் உரிமை எந்தக் கலைஞருக்கும் இல்லை. கடைசி மரமும் வீழ்ந்தபின் வில்லும் இராது. பிரேசில் மக்கள் ஐந்நூறு ஆண்டுகள் தம்மிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஒரு பொருளின் எச்சத்தையாவது காக்க முனையும்போது, எடுத்துச் சென்றோரின் சந்ததியார் கலையின் பெயரால் தடுப்பது பழைய குத்தகையின் புதிய வடிவமே ஆகும்.

ஆனால் சட்டம் உண்டு, ஆகவே நீதி உண்டு என்று அமைவதும் தவறு. 1605ஆம் ஆண்டுச் சட்டம் மரத்தைப் பார்த்துக் காட்டை மறந்தது. அக்குறை இன்றும் முற்றாக நீங்கவில்லை. எல்லைச் சாவடியில் வில்லின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்வது எளிது. கரும்பும் மாடும் யூக்கலிப்ரஸும் பரந்து கிடக்கும் நிலத்தில் காட்டை மீட்பது கடினம். எளிதானதைச் செய்துவிட்டுக் கடினமானதைக் கைவிடும் சட்டம் பலமற்றவர் மீதே தன் பலத்தைக் காட்டும். பழைய வில்லுடன் பயணஞ் செய்யும் கலைஞருக்கு இலகுவான, செலவற்ற சான்றிதழ் வேண்டும். புதிய மரத்தை விற்பவனுக்குக் கடுமையான கணக்கு வேண்டும். வில் செய்யும் தொழிலாளிக்கு நட்டு வளர்த்த மரத்தில் தொழில் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, காடு நின்ற நிலத்திற் காடு திரும்ப வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு வில் கம்மியர் சிலர் சங்கமாகச் சேர்ந்து, பஹியாவின் கொக்கோத் தோட்டங்களின் நிழல் மரங்களாகப் பெர்னம்புக்கோக் கன்றுகளை நட உதவி வருகின்றனர். அக்கன்றுகள் வில்லுக்கு ஏற்ற வைரம் பெறப் பல பத்தாண்டுகள் செல்லும். நட்டவருட் பலர் அதனைச் சீவ இருக்கமாட்டார். மூலதனத்துக்கு விளங்காத இக்கணக்குக் கம்மியருக்கு விளங்கியிருக்கிறது. தம்மை வளர்த்த நிலம் பிள்ளைகளையும் வளர்க்கும் என்று லெரியிடம் சொன்ன முதியவருக்கும் அது விளங்கியிருக்கும்.

பிரேசில் என்னும் பெயருக்கு வகுப்பறையில் விளக்கம் சொல்லும் ஆசிரியர், அது ஒரு மரத்தின் பெயர் என்று கூறி நிறுத்திவிடுகிறார். அம்மரத்தை வெட்டியவர் யார், சுமந்தவர் யார், அராவியவர் யார், உடுத்தவர் யார், இன்று அதற்காகச் சுங்கச் சாவடியில் நிறுத்தப்படுபவர் யார் என்று மாணவரைக் கேட்கவும் வேண்டும். வாத்தியம் பயிலும் மாணவரோ தமது வில் எந்த மரம், எங்கிருந்து வந்தது என்று ஆசிரியரைக் கேட்கவேண்டும். அக்கேள்விகள் சங்கங்களிலும் மேடைகளிலும் எழும்போது, காட்டைக் காக்க முனைவோரும் கலையைக் காக்க முனைவோரும் எதிரெதிரே நிற்கவேண்டிய தேவை குறையும். கணக்குக் கேட்கப்படவேண்டியவர் யார் என்பதும் இரு தரப்பாருக்கும் தெளிவாகும்.